அந்தியோகியாவிலிருந்து நெய்யூர் வரை: தென் திருவிதாங்கூரில் புதிய சபைகளும் அவற்றின் வேத ஆதாரமும்

புதிய சபைகளை ஊன்றுங்கள் என்று நேரடியாகக் கட்டளையிடும் வசனம் புதிய ஏற்பாட்டில் ஒன்றுகூட இல்லை. மத்தேயு 28ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி சீஷராக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் போதிக்கவும் சொல்கிறது. மத்தேயு 16:18இல் சபையைக் கட்டுகிறவர் இயேசு, சீஷர்கள் அல்லர். பவுல் தாம் நட்டதையும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதையும் கொரிந்தியருக்கு எழுதும்போது நடந்ததைச் சொல்கிறார். அது பிறருக்கு இட்ட ஏவல் அன்று. ஆகவே சபை ஊன்றுவதற்கான வேத ஆதாரம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது ஓர் அனுமானமே. வலுவான அனுமானம்தான். ஞானஸ்நானம் பெற்றவர் தனியே அப்பம் பிட்க முடியாது. தாங்கவும் கண்டிக்கவும் தேற்றவும் ஒரு கூட்டம் வேண்டும். சீஷர் உண்டாகும் இடத்தில் சபை உண்டாகியே தீரும். ஆனாலும் அனுமானம் அனுமானமே. எந்த அதிகாரத்தை முதலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் சபை ஊன்றுதலுக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. மிஷன் ஞாயிறுகளில் பிரசங்கிக்கப்படுவது 13ஆம் அதிகாரம்: அந்தியோகியா சபை உபவாசித்து, கைகளை வைத்து, பர்னபாவையும் சவுலையும் அனுப்புகிறது. அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் (11:19-26) வேறொரு தொடக்கம் இருக்கிறது. ஸ்தேவான் கொல்லப்பட்டபின் சிதறி ஓடியவர்களில் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாரும் சிலர் அந்தியோகியாவுக்குப் போய் கிரேக்கரிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரையும் லூக்கா தரவில்லை. யாரும் அவர்களை அனுப்பவுமில்லை. செய்தி எருசலேமுக்குப் பிற்பாடு எட்டியது. பர்னபா வந்து பார்த்தபோது சபை ஏற்கெனவே அங்கே இருந்தது.

மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர், இரணியல் வட்டாரத்தின் இருநூறு ஆண்டுச் சபை வரலாற்றை இந்த இரு பகுதிகளோடும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. சபைகள் பிறந்தது 11ஆம் அதிகாரத்தின் வழியில். மிஷன் அறிக்கைகள் எழுதப்பட்டது 13ஆம் அதிகாரத்தின் தோரணையில். இந்த வேறுபாடு வெறும் எழுத்து நடை பற்றியதாக நின்றுவிடவில்லை. சபை யாருடையது, அதை நடத்த வேண்டியவர் யார், பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற கேள்விகள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தன.

மிஷனுக்கு முந்திய காலம்

பத்மநாபபுரம் தலைநகராவதற்கு முன்பு வேணாட்டு அரசர்கள் தங்கிய அரண்மனை இரணியலில் இருந்தது. ஊரைச் சுற்றிச் சில மைல்களுக்குள் கிறிஸ்தவத்தின் பல அடுக்குகள் கிடக்கின்றன. திருவிதாங்கோட்டில் தோமா கி.பி. 63இல் அமைத்ததாக மரபு சொல்லும் அரைப்பள்ளி நிற்கிறது. அது தன் குடிகளோடு நின்ற சபை. மேற்கே கடலோரத்தில் முக்குவர் ஊர்கள். 1544ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரை வழியே நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். போர்த்துக்கீசியரின் நட்பை நாடிய உண்ணி கேரளவர்மா அதற்கு இடங்கொடுத்தார்.

சவேரியாரின் முறையில் கவனிக்க வேண்டியது வேகமன்று, அவர் விட்டுச்சென்றதுதான். ஊர்தோறும் தமிழில் எழுதிய மன்றாட்டுகளின் ஒரு படியை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். முத்துக்குளித்துறையில் அவற்றைச் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை என்று ஒருவரையும் அமர்த்தினார். பாதிரியார் வராத மாதங்களில் ஊரைக் கட்டிக்காத்தவர் அந்தக் கணக்கப்பிள்ளையே. பிற்காலத்தில் சீர்திருத்த மிஷன்கள் உபதேசியார் என்ற பதவியை அமைத்தபோது, அறிந்தோ அறியாமலோ, இதே ஏற்பாட்டைத்தான் திரும்பக் கொண்டுவந்தன.

உள்நாட்டுச் சாட்சியும் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய் மூலம் விசுவாசத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். சிறைக்கைதி ஒருவர் படை முகாமில் வைத்துச் சொன்ன சொல்லிலிருந்து பிறந்த விசுவாசம் அது. யாரும் திட்டமிட்டு அனுப்பிய பணியின் விளைவு அன்று.

மயிலாடி: பர்னபா வருமுன் இருந்த சபை

சீர்திருத்தச் சபையின் கதை வழக்கமாக 1806 ஏப்ரல் 25இல் தொடங்கும். அன்றுதான் ஜெர்மானியரான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1795இல் தொடங்கப்பட்ட இலண்டன் மிஷன் சங்கம் அனுப்பியவர். 1804இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்தவர்.

ஆனால் தொடக்கம் அதற்கு ஆறேழு ஆண்டுகள் முந்தியது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் குலத்தவர், சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். வழியில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கினார். அந்த உறவினர்கள் கிறிஸ்தவர்கள். அங்கே ஆராதனையில் கேட்டது அவரைப் பிடித்துக்கொண்டது. தஞ்சையில் உழைத்த மிஷனெறி சுவார்ட்சின் வழிவந்த கோலாஃப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். வீட்டாருக்குச் சொன்னார், உறவினருக்குச் சொன்னார். ஊரார் நெருக்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் குடிபெயர்ந்து போய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி. அப்போதுதான் ஒரு மிஷனெறி வரவேண்டும் என்று இந்தச் சிறு கூட்டம் கேட்டது. ரிங்கல்தௌபே வந்தது அந்த அழைப்புக்கு.

சிதம்பரத்துக்குப் போன வழியில் உறவினர் வீட்டுத் திண்ணை. திரும்பி வந்து தன் வீட்டுத் திண்ணை. சபை போன பாதை இவ்வளவே. இங்கே பர்னபாவின் இடம் ரிங்கல்தௌபேயுடையது. பெயரற்ற சிரேனே ஊராரின் இடம் வேதமாணிக்கத்துடையது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிஷன் வரலாறுகள் பலவற்றில் இது தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வேதமாணிக்கம் மிஷனெறியின் முதல் உதவியாளர். காலவரிசைப்படி பார்த்தால் மிஷனெறிதான் வேதமாணிக்கத்தின் உதவிக்கு வந்தவர்.

பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் துணையால் அனுமதி கிடைத்து மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டில்தான் ஆங்கிலேயருக்கு எதிரான திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியும் நடந்தது. தாமரைக்குளம், புத்தளம், பிச்சைக்குடியிருப்பு, ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி என்று மயிலாடியோடு சேர்த்து ஏழு சபைகள் உருவாயின. ரிங்கல்தௌபே எளிமையில் வாழ்ந்த மனிதர்; சம்பளத்தின் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார்; முரட்டுத் துணியும் ஓலைத் தொப்பியுமாகத் திரிவார். வந்து சேர விரும்பிய கூட்டத்தின் நோக்கத்தை மட்டும் அவர் எளிதில் நம்பவில்லை. கூலியில்லா ஊழிய வேலையிலிருந்தும் வரிகளிலிருந்தும் அதிகாரிகளின் அடாவடியிலிருந்தும் தப்பிக்கவே பலர் வருகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஞானஸ்நானத்துக்குக் காத்திருக்க வைத்தார்.

1816இல் உடல்நலம் கெட்டு அவர் புறப்பட்டபோது, மயிலாடி ஆலயத்தில் வேதமாணிக்கத்தை முன்னால் அழைத்துத் தம்முடைய அங்கியை அவருக்கு அணிவித்துச் சபைகளை ஒப்படைத்தார் என்பது திருச்சபை மரபு. பிறகு கப்பலேறியவர் என்ன ஆனார் என்பதே தெரியாமற் போயிற்று. அடுத்த மிஷனெறி வந்தது 1818இல். இடைப்பட்ட இரண்டு ஆண்டு ஏழு சபைகளையும் நடத்தியவர் வேதமாணிக்கம்.

தென் திருவிதாங்கூர்ச் சபை வரலாற்றில் வேதத்துக்கு மிக நெருங்கிய காலம் எது என்று கேட்டால் நான் இந்த இரண்டு ஆண்டுகளைத்தான் சொல்வேன். பவுலும் பர்னபாவும் லீஸ்திரா, இக்கோனியா, பிசீதியாவிலுள்ள அந்தியோகியா ஆகிய ஊர்களுக்கு அதே பயணத்தில் திரும்பிப் போய், மூப்பர்களை ஏற்படுத்தி, உபவாசித்து ஜெபம்பண்ணி, அவர்களைக் கர்த்தருக்கு ஒப்புவித்து நகர்ந்தார்கள் (அப். 14:21-23). அந்தச் சபைகளுக்கு வயது சில மாதங்கள். பின்பு எபேசுவின் மூப்பர்களிடம் மிலேத்துவில் விடைபெறும்போதும் (அப். 20) தமக்குப் பின் வேறொரு அப்போஸ்தலரை அனுப்புவதாகப் பவுல் சொல்லவில்லை. மந்தையை அவர்களிடமே விடுகிறார். ரிங்கல்தௌபே திட்டமிட்டு இதைச் செய்தாரா, நோய் அவரைச் செய்யவைத்ததா என்பது வேறு விஷயம்.

நெய்யூரும் உபதேசியாரும்

1818இல் வந்த சார்லஸ் மீட் காலத்தில் எல்லாம் பெரிதாயிற்று. ரெசிடென்ட் மன்றோ நாகர்கோவிலில் பங்களா வாங்கிக்கொடுத்தார். ராணி கௌரி பார்வதிபாய் மிஷன் பள்ளிக்கு வயல் வாங்க 5000 ரூபாய் கொடுத்தார். 1819 ஜனவரி 1 அன்று மிஷனெறி ரிச்சர்ட் நில் நாகர்கோவில் ஹோம் சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டினார். மீட் வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் சுமார் 3000 பேர், பெரும்பாலும் நாடார் குலத்தவர், வேதம் கற்க வந்து சேர்ந்தார்கள். மிஷனெறி சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாளும் 1819 இறுதியில் வந்து நாகர்கோவிலில் தங்கினர். 1828இல் மிஷன் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து, மேற்கின் தலைமையிடமாக இரணியலை ஒட்டிய நெய்யூர் ஆனது. மண்டைக்காட்டில் இருந்த மீட் அங்கே குடியேறினார்.

ஒரு விளையில் சபை எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் பாதி விளை என்றே முடியும்; பனையும் புளியும் நிற்கும் மேட்டு நிலம். கல்யாணத்துக்கோ சாவுக்கோ போன இடத்தில் உறவினர் வேதக்காரர் ஆனதை ஒருவர் பார்க்கிறார். திரும்பி வந்து குடும்பத்தாரோடு பேசுகிறார். ஐந்தாறு வீடு ஒத்துக்கொண்டதும் நெய்யூர் மிஷன் வீட்டுக்கு ஆள் போகிறது: எங்களுக்கு ஓர் உபதேசியார் வேண்டும். பேய்க்கோவில் பீடத்தை இடித்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். சில ஊர்களில் பீடம் நின்ற இடத்திலேயே ஓலைக் கொட்டகை எழும். வார நாளில் அது பள்ளிக்கூடம், ஞாயிறன்று ஜெபவீடு. அக்கானி (பதநீர்) இறங்கும் மாதங்களில் ஆண்கள் காலையும் மாலையும் பனைமேல் இருப்பார்கள், பெண்கள் அடுப்படியில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். உபதேசியார் அந்த நேரங்களைத் தப்பித்துத்தான் கூட்டம் சேர்க்க வேண்டும்.

மிஷன் பதிவேட்டில் இந்த மக்கள் மூன்று வகுப்பாக இருந்தார்கள்: வேதம் கற்கச் சேர்ந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், திருவிருந்தில் பங்குபெறுவோர். முதல் வகுப்பு ஆயிரக்கணக்கில் இருந்தால் மூன்றாம் வகுப்பு அதில் சிறு பகுதியே. அப்படியானால் சபை என்பது எது? கொட்டகையில் கூடும் அத்தனை பேருமா, அப்பம் பிட்கும் சிலரா? அப்போஸ்தலர் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. லீதியாளும் சிறைக்காவலனும் கேட்ட நாளிலோ இரவிலோ வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள். நோக்கத்தைச் சோதிக்கும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பு நடபடிகளில் இல்லை. அதே சமயம் அப்பத்துக்காகத் தம்மைத் தேடிவந்த கூட்டத்தை யோவான் 6இல் இயேசுவே கடிந்துகொள்கிறார் என்பதையும் மறக்க முடியாது. ரிங்கல்தௌபே யோவானைப் பிடித்துக்கொண்டார், மீட் லூக்காவை என்று சொன்னால் பெரிய பிழை வராது.

நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது நிலைமையையும் பேச வேண்டும். சர்க்காருக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் ஊழிய வேலை, தலைவரி, மார்பை மறைக்கக் கூடாதென்ற கட்டு: இவற்றின் நடுவில் வாழ்ந்தவர்கள் இவர்கள். மன்றோ காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணிய அனுமதி கிடைத்தது; ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோவில் சார்ந்த வேலையிலிருந்தும் கிறிஸ்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. குப்பாயத்தோடு நிற்காமல் மேல்துண்டும் அணிந்தபோது கலவரம் வெடித்தது. 1827 முதல் 1830 வரை கல்குளம், இரணியல் பகுதிகளின் சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3இல் வந்த அரசாணை குப்பாயத்தை மட்டும் அனுமதித்து மேல்துண்டை மறுத்தது. 1858-59இல் மறுபடியும் கலவரம். 1859 ஜூலை 26 அறிவிப்பு நாடார் பெண்கள் மேலுடை அணிவதை ஏற்றுக்கொண்டாலும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற வாலையும் ஒட்டிவைத்தது.

இந்தச் சூழலில் விடுதலைக்காக வந்தவர்களை உள்நோக்கத்தோடு வந்தவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. யாத்திராகமம் முழுவதும் ஊழிய வேலையிலிருந்து தப்பிய ஜனத்தின் கதைதானே. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களிடம் மோசே நோக்கப் பரிசோதனை வைக்கவில்லை. இதே நெருக்கடிக்கு இதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் வேறொரு பதில் கொடுத்தார். அங்கும் மக்கள் திரண்டார்கள்.

மூப்பர்கள் வராத அறுபது ஆண்டுகள்

இலண்டன் மிஷன் சங்கம் 1796இல் ஏற்ற அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு. எபிஸ்கோபல், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்ற எந்த ஆட்சிமுறையையும் புதிய விசுவாசிகள்மேல் சுமத்தக் கூடாது; வேதத்தைப் படித்துத் தங்கள் சபை எப்படி நடக்க வேண்டுமென்று அவர்களே முடிவு செய்யலாம். அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான கொள்கை. ஆனால் நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் நடந்தது வேறு. உபதேசியாரை அமர்த்துவதும் மாற்றுவதும் நீக்குவதும் மிஷன் வீடு. சம்பளம் மிஷன் வீடு. உபதேசியார் குறித்த நாளில் மிஷன் வீட்டுக்குப் போய் எத்தனை வீடு சந்தித்தோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டும். திருவிருந்து கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. மிஷனெறி வரும்வரை சபை காத்திருக்கும். இங்கிலாந்துச் சபையொன்று ஓர் உபதேசியாரின் செலவை ஏற்றால், அந்த நன்கொடையாளர் விரும்பிய ஆங்கிலப் பெயர் அவருக்கு இடப்படுவதும் வழக்கம்.

1816இல் வேதமாணிக்கத்திடம் ஏழு சபைகள் ஒப்படைக்கப்பட்டன. முறையாக அபிஷேகம் பெற்ற உள்ளூர்ப் போதகர்கள் வந்தது 1860களின் நடுப்பகுதியில்தான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பின்னடைவு. ரிங்கல்தௌபே வந்ததிலிருந்து கணக்கிட்டால் அறுபது. மிஷனெறிகளுக்கும் ஒரு வேத ஆதாரம் இருந்தது: கண்காணியாக இருப்பவர் புதிதாய்ச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்னும் 1 தீமோத்தேயு 3:6. நியாயமான வசனம்தான். ஆனால் அது எபேசுவை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே சபை தோன்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கிரேத்தா தீவில் பட்டணந்தோறும் மூப்பரை ஏற்படுத்தச் சொல்லும் தீத்து 1:5-9இல் ஏறக்குறைய அதே தகுதிப் பட்டியல் வருகிறது; புதிதாய்ச் சேர்ந்தவர் ஆகாது என்ற நிபந்தனை மட்டும் இல்லை. புதிய சபைகளுக்குப் பொருந்துவது தீத்துவுக்கு எழுதிய பகுதி. தென் திருவிதாங்கூர் மிஷனெறிகள் இளம் சபைக்கு முதிர்ந்த சபையின் சட்டத்தை வைத்தார்கள்.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருநெல்வேலியில் இதே பிரச்சினை வெளிப்படையாகவே வெடித்தது. அங்கே சபை ஊன்றிய முறை வேறு. 1799இல் முதலூர் தொடங்கி, துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிப் புதிய கிறிஸ்தவ ஊர்களையே உண்டாக்கினார்கள். நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் போன்றவை அந்த வரிசையில் வந்தவை. நம் பக்கத்தில் மக்கள் தங்கள் விளையிலேயே இருந்தார்கள். அடி வாங்கியதும் அங்கேயே. 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த ரேனியஸ், தம் உபதேசியார்களைப் பேராயர் கையில்லாமலே போதகர்களாக அபிஷேகம் செய்ய வேண்டுமென்று வாதிட்டார். 1835இல் சர்ச் மிஷன் சங்கம் அவரை நீக்கிவிட்டது. வேறு மாதிரியான பதில் 1857இல் வந்தது: நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனை விட்டு வெளியேறி, வெள்ளைக்காரர் கையில்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். நாடார்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஆங்கில நூல் கிளப்பிய கோபமும் அதற்குக் காரணம். மூப்பர்களை ஏற்படுத்தத் தாமதித்த மிஷனுக்கு அது ஒரு கணக்குத் தீர்ப்பு.

சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் தன்னாட்சி, தன் செலவு, தன் பரப்புதல் என்னும் மூன்றையும் வலியுறுத்தியதும், 1912இல் ரோலண்ட் ஆலன் பவுலின் முறையும் நம் முறையும் ஒன்றா என்று நூலெழுதிக் கேட்டதும் உலகறிந்தவை. ஆனால் அவர்களுக்கு முன்பே மயிலாடியில் அதற்கு ஒரு முன்மாதிரி நடந்து முடிந்திருந்தது. அதை யாரும் கோட்பாடாக எழுதவில்லை.

ஒரே பந்தி

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்து, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை எதிர்க்கிறார். புதிய சபை என்பதன் பொருள் எருசலேமிலிருந்து அந்தியோகியாவுக்குக் கிளை திறப்பது அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

தென் திருவிதாங்கூரில் உறவு வழியே பரவிய சபைகள் உறவின் எல்லையிலேயே நின்றன. சாம்பவர் ஒருவரின் திண்ணையில் தொடங்கிய இயக்கம் சில பத்தாண்டுகளில் நாடார் பெரும்பான்மையான சபையாயிற்று. ஒரே ஊரில் குலத்துக்கொரு ஜெபவீடு, ஒரே ஆலயத்தில் பக்கம் பிரித்த இருக்கை என்ற நிலை வந்தது. 1850களின் தொடக்கத்தில், மனைவியை இழந்திருந்த மீட், சாம்பவர் குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணான லோயிஸை மணந்தபோது எழுந்த எதிர்ப்பில் வயது வித்தியாசத்தோடு சாதியும் கலந்திருந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த மிஷனை விட்டு அவர் விலக நேர்ந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் பொறுப்பேற்றார்.

டொனால்ட் மெக்காவ்ரன் 1955இல் எழுதிய ஆங்கில நூல் இந்தியத் திரள் இயக்கங்களைக் கண்டு ஒரு தத்துவத்தை வகுத்தது: மக்கள் தங்கள் குலத்தைத் தாண்டாமல் கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள், ஆகவே அந்தந்தக் குலத்துக்குள்ளேயே சபைகளைப் பெருக்குங்கள். எப்படிப் பரவுகிறது என்ற அளவில் அவர் சொன்னது சரி. நெய்யூர் வட்டாரமே சான்று. அதையே வேத ஆதாரமாக்கும்போதுதான் சிக்கல். நடபடிகள் 11ஐ வைத்து அவர் கட்டிய வாதம் கலாத்தியர் 2ஐக் கண்டதும் தடுமாறுகிறது.

பிறனுடைய அஸ்திவாரம்

1890களில் இரட்சணிய சேனை நாகர்கோவில் பக்கம் வந்தது. 1893இல் ஹாரி ஆண்ட்ரூஸ் சிறிதாய்த் தொடங்கிய மருந்து கொடுக்கும் பணி வடசேரியின் காதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. 1907இல் மிசூரி லுத்தரன் மிஷன் வந்தது. எல்லை பிரித்துக்கொண்டு வேலை செய்வது மிஷன்களின் எழுதாத சட்டமாக இருந்தது. அதற்கு ஆதாரம் ரோமர் 15:20, பிறர் போட்ட அஸ்திவாரத்தின்மேல் கட்டமாட்டேன் என்ற பவுலின் கொள்கை. புதிதாக வந்தவர்கள் அந்த எல்லையை ஏற்கவில்லை. இருக்கும் சபையில் இடம் கிடைக்காதவர்கள் கூப்பிட்டால் போவது குற்றமா என்பது அவர்கள் வாதம். பந்தி பிரிந்த சபைகள் இருக்கும் வரை அந்த வாதத்துக்குப் பலம் இருக்கத்தான் செய்யும்.

நிர்வாக மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை, குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின் 1959இல் கன்னியாகுமரிப் பேராயம். தமிழ்ச் சபை தானே அனுப்பும் சபையானது இதற்கிடையே: 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் உருவான இந்திய மிஷனெறி சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது, அதன் தொடக்கத்தில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் அங்கேயே பேராயரானார்.

இன்றைய நிலையில் ரோமர் 15 கூர்மையாகவே கேள்வி கேட்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி குமரி மாவட்டத்தில் 46.85 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பவுல் எருசலேம் முதல் இல்லிரிக்கம் வரை ஒருசில பட்டணங்களில் மட்டும் சபைகள் இருக்கும்போதே, இனி இந்தப் பக்கங்களில் எனக்கு இடமில்லை என்று ஸ்பானியாவை நோக்கினார். இந்த மாவட்டத்தில் வாடகைக் கட்டடத்தில் தொடங்கும் புதிய சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரும் குடும்பங்கள் பக்கத்துச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவற்றைச் சபை ஊன்றுதல் என்று சொல்லப் பவுலின் அளவுகோல் இடங்கொடாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவ மோதலை அறிந்தவர்களுக்கு, புதிய வழிபாட்டிடம் என்பது இங்கே இறையியலோடு நிற்கும் விஷயமில்லை என்பதும் தெரியும். 1997ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகள் அதற்கு ஆட்சியரின் முன் அனுமதியைக் கேட்டன.

கேள்வி புதிய சபைகளுக்கு மட்டும் அன்று. நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கொண்ட பெரிய சேகரத்தில் ஒரு போதகர், அவருக்குச் சில கிளைச் சபைகள் என்ற ஏற்பாட்டில், கிளைச் சபை எப்போது தனிச் சேகரமாகிறது? போதகரின் சம்பளத்தையும் பேராயத்துக்கான பங்கையும் தாங்கும் வருமானம் வந்ததும். நடபடிகள் 14:23இல் வருமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெரிய சபையின் நெருக்கடிக்கு நடபடிகள் சொல்லும் வழியும் முதலில் பிரிவது அன்று. 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபை பெருத்து, கிரேக்கரான விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் கிரேக்கருக்கென்று தனிச் சபை தொடங்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்ட பக்கத்தாரின் பெயர்களே பந்தியின் பொறுப்புக்கு வந்தன. சேகரக் கமிட்டித் தேர்தல் நடக்கும் வாரத்தில் ஆலயத்தில் வாசிக்க வேண்டிய பகுதி அது.